எஞ்சின் நின்றால் எந்த வயல்? மட்டக்களப்பு, அம்பாறைக்கு மேலே சிறு விமானம் ஓட்ட வருபவர்களுக்கு

1,500 அடியில் இருந்து பார்த்தால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை முழுவதும் ஓடுபாதை போலத்தான் தெரியும். தட்டையான நிலம், மலை இல்லை, கட்டடமும் குறைவு. 300 அடிக்கு இறங்கிய பிறகுதான் வரம்பு கண்ணில் படும், வாய்க்கால் படும், வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, குறுக்கே போகும் கரண்ட் கம்பி படும். அந்த உயரத்தில் வேறு வயலுக்குப் போக வழியில்லை. ஆகவே இறங்கும் இடத்தை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவைக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

மாணவ விமானி லைசனோ புதிதாகக் கிடைத்த தனியார் விமானி லைசனோ கையில் வைத்துக்கொண்டு, ஒற்றை எஞ்சின் விமானத்தில் இந்தப் பக்கம் முதன்முறை வருபவருக்காக இதை எழுதுகிறோம். எண்கள் பெரும்பாலும் செஸ்னா 172க்கு உரியவை. உங்கள் விமானத்தின் கைநூல் வேறு சொன்னால் கைநூல் சொல்வதையே செய்யுங்கள். பக்கத்து ஆசனத்தில் வருபவர் 2ஆம், 6ஆம் படிகளையாவது வாசித்துவிட்டு ஏறட்டும்.

1. கடதாசி, காசு, எரிபொருள்

விமானத்தில் இருக்க வேண்டியவை: பதிவுச் சான்றிதழ், பறப்புத் தகுதிச் சான்றிதழ், பயணப் பதிவேடு, ரேடியோ அனுமதி, உங்கள் லைசன், மெடிக்கல் எனப்படும் மருத்துவச் சான்றிதழ். தனியார் விமானிக்கான இரண்டாம் வகுப்பு மெடிக்கல், சர்வதேச நியமத்தின்படி 40 வயதுக்குக் கீழே 60 மாதம், 40 தாண்டினால் 24 மாதம் செல்லும். 40ஆவது பிறந்தநாளுக்குப் பிறகு பழைய கணக்கில் இருந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்த நிலையில் வயலில் இறங்கினால் காப்புறுதிக் கம்பனி முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

காப்புறுதியில் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். ஓடுபாதைக்கு வெளியே இறங்கினால் மூன்றாம் ஆள் இழப்பு, அதாவது நெற்பயிர், வேலி, மாடு, மூடப்படுமா? விமானத்தை வயலில் இருந்து வெளியே எடுக்கும் செலவு மூடப்படுமா? விமானப் பரசூட் (8ஆம் படியைப் பாருங்கள்) விரித்ததால் வரும் உடற்பகுதிச் சேதம் மூடப்படுமா? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. சேற்று வயலில் நிற்கும் விமானத்தின் இறக்கையைக் கழற்றி, உழவு இயந்திரத்தால் இழுத்து, லொறியில் ஏற்றி இரத்மலானைக்குக் கொண்டுபோவது சின்னச் செலவு அல்ல.

அம்பாறைப் பக்கம் உகணையில் இருப்பது விமானப்படைத் தளம். மட்டக்களப்பு விமான நிலையத்திலும் விமானப்படைத் தளம் உண்டு. இறங்க அனுமதியை முன்கூட்டியே எடுங்கள். அனுமதியோடு சேர்த்து 100எல்எல் விமானப் பெற்றோல் அன்றைக்குக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால், இல்லை என்று வைத்துக்கொண்டு போகவர இரண்டுக்கும் நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள். இரத்மலானையில் இருந்து மட்டக்களப்பு நேர்கோட்டில் ஏறக்குறைய 220 கிலோமீற்றர், நடுவில் மலைநாடு. மலையைச் சுற்றிவரும் தூரத்தையும் எதிர்க்காற்றையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பகல் பறப்புக்கு அரை மணி நேர மேலதிக எரிபொருள் என்பது ஆகக் குறைந்த அளவு. இந்தப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் வைத்தாற்தான் சரி. தாங்கி வறண்டு எஞ்சின் நின்று வயலில் இறங்குபவரும் உண்டு. அதைவிட வெட்கமான இறக்கம் வேறில்லை.

2. உயிர்காப்பு அங்கியும் சமிக்ஞைக் கருவியும்

மட்டக்களப்பு ஓடுபாதையைச் சுற்றி வாவியும் குடியிருப்பும்தான். எழும்பிய கையோடு எஞ்சின் நின்றால் தண்ணீருக்குள் போகும் வாய்ப்பு அதிகம். எனவே அங்கியை ஆசனத்துக்கு அடியில் வைக்காமல் இடுப்பிலோ கழுத்திலோ கட்டிக்கொண்டுதான் ஓடத் தொடங்க வேண்டும். தண்ணீர் உள்ளே ஏறும்போது பொதியைப் பிரித்துத் தலையில் மாட்ட நேரம் கிடைக்காது.

அங்கியை வாங்கிய கையோடு வாயு உருளையைத் திருகிப் பாருங்கள். தளர்ந்திருந்தாலோ, முனையில் ஏற்கெனவே துளை விழுந்திருந்தாலோ இழுத்தாலும் ஊதாது. பயணிக்குச் சொல்ல வேண்டிய வசனம் ஒன்றே: “வெளியே வந்த பிறகுதான் இழுக்க வேண்டும்.” உள்ளேயே ஊதினால் அங்கி அவரைக் கூரையோடு ஒட்டிவைக்கும், தண்ணீருக்குள் மூழ்கிக் கதவைத் தேட முடியாது.

விமானத்தில் பொருத்திய அவசர சமிக்ஞைக் கருவி 406 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்வதா என்று பாருங்கள். பழைய 121.5 கருவிகளைச் செய்மதி 2009 பெப்ரவரிக்குப் பிறகு கேட்பதில்லை. 406 கருவியைப் பதிவு செய்திருக்கவும் வேண்டும். பதிவில்லாத கருவி ஒலித்தால் அது யாருடையது, யாரைத் தொலைபேசியில் கேட்பது என்று தேடுவோருக்குத் தெரியாது. விமானம் கவிழ்ந்தால் அன்டெனா உடைந்துபோகும் என்பதால், சட்டைப்பையில் வைக்கும் தனிக் கருவி ஒன்றையும் வாங்குங்கள். 300 முதல் 400 டொலர் வரை போகும், பற்றரி பல ஆண்டு தாங்கும். வாங்கும் எல்லாவற்றிலும் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான்.

3. போகம் பார்த்து நிலம் பாருங்கள்

ஒரே வயல் பெப்ரவரியில் ஒரு மாதிரி, மே மாதத்தில் வேறு மாதிரி இருக்கும். பறக்கும் மாதத்தில் எது காய்ந்திருக்கிறது என்று தெரியாமல் வரைபடத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை.

பெரும்போகம் மழையோடு ஒக்டோபர், நவம்பரில் விதைத்து, பெப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகும். சிறுபோகம் ஏப்ரல், மே அளவில் தொடங்கி ஓகஸ்ட், செப்டெம்பரில் முடியும். ஆனால் சிறுபோகம் குளத்துத் தண்ணீர் பாயும் வயலுக்குத்தான். உன்னிச்சை, நவகிரி, கல்லோயாத் திட்டம் ஆகியவற்றின் கீழ் உள்ள வயல்கள் அந்த மாதங்களிலும் சேறாக இருக்கும். மழையை நம்பிய மானாவாரி வட்டைகள் மே முதல் செப்டெம்பர் வரை காய்ந்து இறுகிக் கிடக்கும். சிறுபோக காலத்தில் வயலில் இறங்க வேண்டி வந்தால் தேட வேண்டியது அறுத்த தாள் நிற்கும் மானாவாரி வயலை.

மேலிருந்து நிறம் சொல்லும். மஞ்சள் கலந்த மண்ணிறம், உழவு இயந்திரத்தின் சில்லுத் தடம் வெளிறிய கோடாகத் தெரிகிறது என்றால் அறுத்த வயல், நல்லது. கரும்பச்சை என்றால் பயிரின் காலடியில் தண்ணீர் இருக்கும். வெயில் பட்டுக் கண்ணாடித் துண்டு போல மின்னினால் உழுது தண்ணீர் கட்டிய வயல். அதில் முன்சில்லு புதைந்து விமானம் மூக்கடித்துப் புரளும். பச்சை அழகாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

வரம்புதான் உண்மையான எதிரி. முழங்கால் உயர வரம்பு ஒன்று முன்சில்லின் காலைப் பிடுங்கப் போதும். சில்லுத் தடம் எந்தத் திசையில் நீளமாக ஓடுகிறதோ, வயலின் நீளப்பக்கம் அதுதான். அந்தத் திசையிலேயே இறங்குங்கள். வரம்பைத் தவிர்க்கவே முடியாது என்றால், முதல் வரம்பைத் தாண்டியவுடன் தொட்டு, அடுத்த வரம்புக்குள் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

மற்ற நிலங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

வற்றிய குளம்: ஓகஸ்ட், செப்டெம்பரில் ஓரம் வெடித்து இறுகியிருக்கும், நடுவில் மேலே காய்ந்த தோலும் அடியில் சேறும் இருக்கும். குளக்கட்டுக்கு எதிர்ப்பக்க ஓரத்தை, மாடு மேயும் இடத்தை எடுங்கள். மாடு நடக்கும் தரை விமானத்தையும் தாங்கும். ஆனால் அந்த மாட்டையே இடித்துவிடக் கூடாது, கடைசி நிமிடத்தில் மந்தை ஓடும் திசையைப் பாருங்கள்.

வீதி: நிலத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு வீதிதான் முதலில் நினைவுக்கு வரும். காத்தான்குடியில் இருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை கரையோர வீதி முழுக்கக் கம்பமும் கடையும் ஓட்டோவும்தான். அதை மறந்துவிடுங்கள். உள்நாட்டு வீதிகளிலும் கம்பி வீதியைக் குறுக்கே கடக்கும். கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பம் தெரியும். இரண்டு பக்கமும் கம்பம் இருந்தால் நடுவில் கம்பி உண்டு என்றே எடுங்கள்.

கரும்பு: ஹிங்குராணைப் பக்கம் உள்ள கரும்பு மேலிருந்து மெத்தை போலத் தெரியும். ஆளை மறைக்கும் உயரம். கரும்பின் நுனியையே தரை என்று நினைத்து, மெதுவாக, மூக்கைச் சற்றுத் தூக்கி அமர்த்துங்கள்.

கடற்கரை: தண்ணீர் நனைத்த ஈர மணல் இறுகியிருக்கும், மேலே உள்ள உலர்ந்த மணல் சில்லை விழுங்கும். ஆனால் ஈர மணற் பட்டை ஒடுங்கியது, சரிவானது. கரைவலைக் கயிறும் தோணியும் எதிர்ப்படும். ஆள் நிறைந்த கரைக்கு எஞ்சின் நின்ற விமானத்தைச் சத்தமில்லாமல் கொண்டுபோகாதீர்கள், அவர்களுக்கு நீங்கள் வருவது கேட்காது.

4. காற்றை முன்பே அறிந்துவையுங்கள்

எதிர்க்காற்றில் இறங்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குப் போட்டவர் குறைவு. 45 நொட் (மணிக்கு 45 கடல்மைல்) வேகத்தில் தொடும் விமானம், 10 நொட் எதிர்க்காற்றில் நிலத்தை 35 நொட்டில் தொடும். அதே காற்றைப் பின்னால் வாங்கினால் 55 நொட். மோதும் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், ஆகவே இரண்டாவது இறக்கத்தின் சக்தி முதலாவதைப் போல இரண்டரை மடங்கு.

மே முதல் செப்டெம்பர் வரை கச்சான், மேற்கில் இருந்து சூடாக வீசும். மார்கழி, தையில் வாடை, வடகிழக்கில் இருந்து. இவற்றுக்கு மேலே, வெயில் ஏற ஏறக் கடற்காற்று கரையோரத்தில் கிழக்கில் இருந்து உள்ளே வரும். கச்சான் காலப் பிற்பகலில் வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையில் ஒரு காற்றும் படுவான்கரையில் நேரெதிர்க் காற்றும் இருக்கலாம். விமான நிலையத்தில் சொன்ன காற்றை அப்படியே வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். வைக்கோல் எரியும் புகை, கோயில் கொடி, தென்னோலை சாயும் பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். குளத்தில், காற்று எந்தக் கரையில் இருந்து வருகிறதோ அந்தக் கரையோரத்தில் தண்ணீர் அலையில்லாமல் பளபளப்பாக இருக்கும்.

5. எஞ்சின் நின்ற முதல் நிமிடம்

வரிசை முக்கியம். வேகம், இடம், காரணம், ரேடியோ.

வேகம்: 172எஸ் என்றால் 68 நொட், பழைய 172 சிலவற்றில் 65, செஸ்னா 152இல் 60. விமானம் தானாக அந்த வேகத்தில் நிற்கும்படி ட்ரிம் செய்து விடுங்கள். இந்த வேகத்தில் 172 ஒரு அடி இறங்கும்போது ஏறக்குறைய 9 அடி முன்னே போகும். 1,500 அடியில் இருந்து காற்றில்லாமல் 4 கிலோமீற்றர், நேரம் இரண்டு நிமிடம். திரும்புவதிலும் காற்றிலும் பாதி போய்விடும், ஆகவே 2 கிலோமீற்றருக்குள் இருக்கும் வயலையே தேர்ந்தெடுங்கள். மூக்கைத் தூக்கினால் தூரம் கூடும் என்று கை தானாக இழுக்கும். தூரம் குறையும், இன்னும் இழுத்தால் விமானம் விழும்.

இடம்: ஏற்கெனவே பார்த்துவைத்த வயலை நோக்கித் திரும்புங்கள். எழும்பிய உடன் 700, 800 அடிக்குக் கீழே எஞ்சின் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்ப முயலாதீர்கள். முன்னால் 30 பாகை இடம், 30 பாகை வலம், அதற்குள் உள்ளதில் நல்லதை எடுங்கள். வாவி என்றால் வாவி.

காரணம்: எரிபொருள் வால்வு இரண்டு தாங்கிக்கும் திறந்திருக்கிறதா, எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் மிக்ஸ்சர் முழுக்க உள்ளேயா, பம்ப், சாவி. காபுரேற்றர் உள்ள விமானம் என்றால் முதலில் காபுரேற்றர் சூட்டை முழுக்க இழுங்கள். வெப்ப நாட்டில் பனி எங்கே என்று கேட்பீர்கள். காபுரேற்றருக்குள் காற்று திடீரெனக் குளிர்வதால் வெளியே 38 பாகையிலும், ஈரப்பதம் 50 வீதத்திலும்கூடப் பனி கட்டலாம். வாடைக் காலத்து ஈரக் காற்றில், பவரைக் குறைத்து இறங்கும்போது இது வரும். எஞ்சின் சூடு ஆறிய பிறகு இழுத்துப் பயனில்லை. சூட்டை இழுத்தவுடன் உருகிய தண்ணீரை விழுங்கி எஞ்சின் இன்னும் மோசமாக உதறும். பயந்து திரும்பத் தள்ளிவிடாதீர்கள்.

ரேடியோ: இருக்கும் அலைவரிசையில் மேடே மூன்று முறை, பதில் இல்லாவிட்டால் அவசர அலைவரிசையான 121.5. ட்ரான்ஸ்பொண்டரில் அவசர எண்ணான 7700. ஊர்ப் பெயரைச் சொல்வதைவிட “உன்னிச்சைக் குளத்துக்குக் கிழக்கே 3 கிலோமீற்றர்” என்பது போலச் சொல்லுங்கள்.

6. தரையைத் தொடுதல்

வயல் நிச்சயம் என்றானவுடன் மிக்ஸ்சரை வெளியே இழுங்கள், எரிபொருளை மூடுங்கள், சாவியை நிறுத்துங்கள். மின்சாரம் முழுவதையும் நிறுத்தும் மாஸ்டர் சுவிட்ச் கடைசி. 172இன் ஃபிளாப்ஸ் (இறக்கையின் பின்னோரத்தில் கீழிறங்கும் தகடுகள்) மின்சாரத்தில் ஓடுவது, மாஸ்டரை முதலில் நிறுத்தினால் ஃபிளாப்ஸ் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். பயிற்சியில் பலர் விடும் தவறு இது. முழு ஃபிளாப்ஸ் போட்ட பிறகு மாஸ்டரை நிறுத்துங்கள்.

கதவைத் தொடுமுன்பே திறந்துவிட்டு, மடித்த வரைபடத்தையோ சப்பாத்தையோ இடையில் செருகுங்கள். சட்டம் நெளிந்தால் பூட்டிய கதவு திறக்காது. பெல்ட்டை வலிக்கும் வரை இறுக்குங்கள். கண்ணாடி, பேனை, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் எங்காவது திணிக்கப்பட்டிருக்க வேண்டும்.

மூக்கைச் சற்றுத் தூக்கிப் பின்சில்லில் தொட்டு, முன்சில்லை முடிந்தவரை தாமதமாக இறக்குங்கள். வயலின் கடைசியில் மரம் வருகிறது என்றால், கட்டுப்பாட்டோடு இரண்டு மரங்களுக்கு நடுவே விட்டு இறக்கையைக் கொடுத்துவிடுங்கள். 50 மைல் வேகத்தில் இருந்து 9 மடங்கு புவியீர்ப்புத் தாக்கத்தோடு நிற்க ஆளுக்குத் தேவை ஏறத்தாழ 9.4 அடி. 100 மைலில் 37.6 அடி. இறக்கையும் வரம்பும் பயிரும் அந்த அடிகளைக் கொடுக்கும், நேரே வந்த பனைமரம் கொடுக்காது.

தலைகீழாகப் புரண்டால்: உடனே கொக்கியைக் கழற்றாதீர்கள், கழுத்து முறியும். நாடியை நெஞ்சோடு அழுத்துங்கள். ஒரு உள்ளங்கையைக் கூரையில் ஊன்றி, கால்களைக் கருவிப் பலகைக்கு எதிரே முட்டுக் கொடுங்கள். மறுகையால் கொக்கி. பக்கத்தில் இருப்பவருக்கும் இதையே சத்தமாகச் சொல்லுங்கள்.

7. வாவியும் கடலும்

வாவி பல இடங்களில் ஆள் உயரம்கூட இல்லை, அடியில் சேறு. சில்லு வெளியே நிற்கும் விமானம் தண்ணீரைத் தொட்டவுடன் மூக்கடிக்கும் என்றே தயாராகுங்கள். நடுவாவிக்குப் போகாதீர்கள். கரைக்குச் சமாந்தரமாக, தோணிகள் தெரியும் பக்கத்தில், சத்தம் போட்டால் கேட்கும் தூரத்தில் இறங்குங்கள். இறால் கூடும் வலையும் கட்டிய கம்புகள் வரிசையாகத் தெரிந்தால் அந்த வரிசையைத் தவிருங்கள். எவரும் நீந்திக் கரைக்குப் போக முயல வேண்டாம், வாவியில் முதலை உண்டு. விமானத்தின் மேல் ஏறி நின்று தோணியைக் கூப்பிடுங்கள். உங்களிடம் முதலில் வரப்போகிறவர் மீனவர்தான்.

கடலில் அலை பெரிது, காற்று குறைவு என்றால் அலையின் முதுகுக்குச் சமாந்தரமாக இறங்குங்கள். காற்றுப் பலம் என்றால் காற்றுக்கு எதிரே.

8. விமானத்தோடு வரும் பரசூட்

சிரஸ் எஸ்ஆர்22 போன்றவற்றில் முழு விமானத்தையும் தொங்கவிடும் பரசூட் உண்டு, ரொக்கெட் இழுத்து விரிக்கும். மைக்ரோலைட் எனப்படும் மிக இலேசான விமானங்கள் பலவற்றிலும் சிறிய வகை இருக்கிறது. இருக்கிறது என்று கேட்டவுடன் மனம் ஆறிவிடக் கூடாது. முதலில் உறையில் உள்ள அட்டையைப் பாருங்கள்: அடுத்த மடிப்புத் திகதி, ரொக்கெட் காலாவதித் திகதி, தாங்கும் எடை, விரிக்கலாம் என்ற ஆகக் கூடிய வேகம். பழைய மைக்ரோலைட் வாங்குபவர் விழும் பள்ளம் இங்கேதான். ஒருவர் எடைக்குப் போட்ட பரசூட், இரண்டு பேர் ஏறும் விமானத்தில் இருக்கும்.

சிரஸில் பரசூட்டையும் ரொக்கெட்டையும் 10 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், செலவு 15,000 டொலரைத் தாண்டும். ஒன்பது ஆண்டான விமானத்தை மலிவு என்று வாங்கினால் அந்தக் காசு உங்கள் தலையில். ரொக்கெட் வெடிபொருள், பயணப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர முடியாது, ஆபத்துப் பொருளாகச் சரக்கில்தான் வரும். இறக்குமதி அனுமதி கைக்கு வராமல் ஓடர் போடாதீர்கள். ரொக்கெட் துறைமுகத்தில் கிடக்கும், விமானம் கொட்டகையில் கிடக்கும்.

பறக்க முன்னர் பாதுகாப்பு ஊசியைக் கழற்றினீர்களா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஊசியோடு எழும்பினால் பரசூட் வெறும் பாரம். இறங்கி நிறுத்திய பிறகு மறக்காமல் திரும்பக் குத்துங்கள்.

எப்போது இழுப்பது என்பதை எழும்ப முன்னரே வாய்விட்டுச் சொல்லுங்கள். சிரஸ் பயிற்சியில் சொல்லித்தருவது ஏறத்தாழ இப்படி: 500, 600 அடிக்குக் கீழே நேரே இறக்கு, அதற்கு மேல் 2,000 அடி வரை யோசிக்காமல் இழு, 2,000க்கு மேலே காரணம் தேட நேரமுண்டு, 2,000க்கு வரும்போதும் எஞ்சின் எழும்பாவிட்டால் இழு. சமநிலையில் பறக்கும் விமானத்தில் விரிய 400 முதல் 560 அடி போகும், சுழன்று விழுந்தால் 900 முதல் 1,100 அடி. கைபிடியை இழுக்க ஏறத்தாழ 20 கிலோ விசை தேவை. ஒற்றைக் கையால் பக்கவாட்டில் இழுத்தால் வராது, இரண்டு கையாலும் நேரே கீழே, கொம்பில் தொங்குவது போல.

விரிந்த பிறகு இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 1,700 அடி, ஏறத்தாழ 13 அடி உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமம். இறங்கும் இடத்தை நீங்கள் தேர முடியாது. 15 நொட் காற்றில் 1,500 அடியில் இருந்து 400 மீற்றர் தள்ளிப்போகும். மிக்ஸ்சரை இழுத்து, எரிபொருளை மூடி, மாஸ்டரை நிறுத்தி, முதுகை நிமிர்த்தி ஆசனத்தோடு ஒட்டி, கைகளை மடியில் கோத்து இருங்கள். தண்ணீரில் விழுந்தால் சில்லுக் கால் வாங்க வேண்டிய அதிர்வை முதுகெலும்பு வாங்கும், ஆகவே தண்ணீர் கீழே இருந்தால் இன்னும் நிமிர்ந்து. நிலத்தைத் தொட்டவுடன் காற்று வரும் பக்கமாக வெளியேறுங்கள். கச்சானில் பரசூட் திரும்ப ஊதி விமானத்தை இழுத்துக்கொண்டு போகும், காற்றுப் போகும் பக்கம் நின்றால் உங்கள் மேலேயே வரும்.

9. இறங்கிய பிறகு

119 பொலிஸ், 1990 சுவசெரிய அம்புலன்ஸ். இருக்கும் இடத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கிராமத்தின் பெயரையும் பக்கத்துக் குளத்தின் பெயரையும் வாயால் சொல்லுங்கள். உள்ளூர் ஆக்கள் பத்து நிமிடத்துக்குள் கூடுவார்கள். ஒருவரையாவது விமானத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் பீடி, சிகரட் பற்றவைக்க விடாமல் பார்க்கச் சொல்லுங்கள். பரசூட் விரியாமல் இறங்கியிருந்தால் ரொக்கெட் இன்னும் உயிரோடு உள்ளே இருக்கிறது. வெட்டும் கருவி கொண்டு உடற்பகுதியை வெட்டி ஆளை எடுக்க வருபவருக்கு அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ரொக்கெட் வெளியேறும் பலகைக்கு முன்னால் எவரும் நிற்கக் கூடாது, கைபிடியில் இருந்து போகும் கம்பியை எவரும் வெட்டவோ இழுக்கவோ கூடாது.

விமானத்தை நகர்த்தாதீர்கள். விபத்து என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபைக்கு அறிவித்து, விசாரணைக்கு வருபவர் விடுவிக்கும் வரை அப்படியே கிடக்க வேண்டும். ஆளை எடுக்க மட்டும் தொடலாம். நகர்த்த முன்னர் நான்கு பக்கமும், சில்லுத் தடம் தொடங்கும் இடமும், சுவிட்சுகள் இருக்கும் நிலையும் படம் எடுங்கள். காயமில்லை, சேதமில்லை, வயலும் நீளம் என்றாலும் நீங்களாகத் திரும்ப எழும்பிப் போக நினைக்க வேண்டாம். நின்ற எஞ்சின் ஏன் நின்றது என்று இன்னும் உங்களுக்குத் தெரியாது.

வயல்காரர் வந்தால் எத்தனை வரம்பு உடைந்தது, எவ்வளவு பயிர் சாய்ந்தது என்று அவரோடு நடந்து பார்த்து, படத்தோடு எழுதி, இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வையுங்கள். விமானத்தை இழுக்க வரும் உழவு இயந்திரம் இன்னும் பத்து வரம்பை உடைக்கும். அதை வேறு தாளில் எழுதுங்கள்.